107 பவுண்டு வில்லுக்கு அம்பு தேர்ந்த கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் வரும் வில்லாளர் முப்பது வயதைக் கடந்தவர், வலக்கைக்காரர். மூன்று விரல்களால் நாணை இழுப்பவர். வில்லில் அம்புக்கென்று தனி மேடை எதுவும் கிடையாது. வில்லின் இடப்புறம், பிடித்த கையின் விரல்முட்டி மேலேயே அம்பு கிடக்கும். இரண்டு ஆண்டுகளாக 60 பவுண்டு நெடுவில்லில் பழகியவர், இடையில் சில மாதங்கள் 80 பவுண்டு வில்லையும் கையாண்டார். அதன்பின் இடைக்கால ஆங்கிலப் போர்வில்லின் பாணியில் ஒரு மரவில்லை வாங்கினார். அதன் வயிற்றுப்பக்கத்தில், அதாவது எய்பவரை நோக்கிய பக்கத்தில், '120 பவுண்டு, 32 அங்குலம்' என்று எழுதியிருந்தது. நாணை 32 அங்குலம் இழுக்க 120 பவுண்டு விசை வேண்டும் என்பது அதன் பொருள்.

நான் அதே பயிற்சிக் குழுவில் அம்பு செய்பவன். களத்துக்கு வரும் கருவிகளைச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. அந்தப் பொறுப்பை முதல் நாளில் நான் சரியாகச் செய்யவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த எடையில் அம்பு தேர்வது ஏன் தனிச் சிக்கல் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைகளில் கிடைக்கும் அம்புகளும், எந்த வில்லுக்கு எந்த அம்பு என்று காட்டும் அட்டவணைகளும் பெரும்பாலும் 40 முதல் 70 பவுண்டு வரை எய்பவர்களுக்கானவை. அதற்கு மேலே போனால் அட்டவணை நின்றுவிடும், வில் நிற்காது. 1545-இல் மூழ்கி 1982-இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 137 முழு வில்களும் 3,500-க்கும் மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. அந்த வில்களின் இழுவிசை 30 அங்குல இழுப்பில் 100 முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அம்புத்தண்டுகள் பெரும்பாலும் பாப்லர் மரம், தடிமன் ஏறத்தாழ அரை அங்குலம். இன்று 50 பவுண்டு வில்லில் எய்பவர் கையில் இருக்கும் அம்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை அம்பாகவே தெரியாது, சிறு கம்பாகத்தான் தெரியும். வில் அந்த அளவுக்கு வளர்ந்தால் அம்பும் கூடவே வளர வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

முதல் நாள்

புது வில்லோடு அவர் கொண்டுவந்தவை அவருடைய பழைய அம்புகளே. 11/32 அங்குலத் தடிமன், 32 அங்குல நீளம், ஒட்டிய பிளாஸ்டிக் நாக். (அம்பின் வால்முனையில் நாண் அமரும் பிளவைத்தான் வில்லாளர்கள் நாக் என்கிறார்கள்.) 'கொஞ்சம் விறைப்பான தண்டுதான், தாங்கும்' என்றார். நான் ஒன்றை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தேன். நேராக இருந்தது, விரிசல் எதுவும் இல்லை. தலையாட்டிவிட்டேன். எடை போட்டுப் பார்க்கவில்லை.

பத்து மீட்டரில் எட்டு அம்புகள் எய்தார். எல்லாம் வலப்பக்கம் ஒதுங்கின, வாலை ஆட்டிக்கொண்டே போயின. ஒவ்வொரு முறையும் வில் 'டப்' என்று அறைந்த சத்தம் பக்கத்துப் பாதை வரைக்கும் கேட்டது. ஆறாவது அம்புக்குப் பிறகு, "அண்ணா, முழங்கை வரைக்கும் அதிர்கிறது" என்றார். கனமான வில்லுக்குக் கை இன்னும் பழகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது அம்பில் நாக் உடைந்தது. நாணை விட்ட நொடியில் அம்பு முன்னால் போகாமல் பக்கவாட்டில் சுழன்று மூன்று மீட்டர் தள்ளி விழுந்தது. சுமையே இல்லாமல் திரும்பிய நாண் அவருடைய முன்கையில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புக் கோடு போட்டது. வேறு காயம் இல்லை. கையில் குத்தியிருக்கக்கூடிய அம்பு தரையில் கிடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

களத்தில் நின்றவர்கள் இருவர் அவர் நாணை விடும் விதத்தில்தான் குறை என்றார்கள். விரல்கள் நாணிலிருந்து ஒழுங்காகக் கழலவில்லை என்பது அவர்கள் கணிப்பு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே உண்மை அதற்கு நேர்மாறாக இருந்தது. எய்தவர் சரியாகத்தான் எய்தார், நோக வேண்டியது அம்பைத்தான்.

அன்றைக்கு அதோடு நிறுத்தினோம். வில்லை யாரும் தொடக்கூடாது என்று முடிவு செய்தோம். நாக் உடைந்து நாண் வெறுமனே திரும்பினால், அம்புக்குப் போயிருக்க வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்குள்ளேயே அடங்க வேண்டியிருக்கும். 60 பவுண்டு வில் அதைத் தாங்கிவிடலாம். இரண்டு மடங்கு விசையுள்ள மரவில்லிலும் அப்படித்தான் நடக்கும் என்று நம்ப எங்களுக்கு மனம் வரவில்லை. அதன் முதுகிலும் வயிற்றிலும் பஞ்சை மெல்லத் தேய்த்துப் பார்த்தோம், எங்கும் இழை சிக்கவில்லை. ஆனாலும் வில்லைச் செய்தவரிடமே அனுப்பினோம். அவர் அதைச் சட்டத்தில் பூட்டி, படிப்படியாக இழுத்துப் பார்த்து, பத்து நாள் கழித்துப் பழுதில்லை என்று திருப்பி அனுப்பினார். நாணை மட்டும் மாற்றச் சொன்னார்.

அளந்தபோது தெரிந்தவை

வில் திரும்பி வருவதற்குள் பழைய அம்புகளை எடை போட்டேன். சராசரி 32 கிராம், அதாவது ஏறத்தாழ 494 கிரெய்ன். இந்தத் துறையில் அம்பின் எடையைக் கிரெய்னில் சொல்வதே வழக்கம். ஒரு கிராம் 15.4 கிரெய்ன். மரபு மரவில்லுக்கு இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 8 முதல் 10 கிரெய்ன் எடை வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. இந்த வில்லில் அந்த அம்புகளுக்குக் கிடைத்தது 5-க்கும் குறைவு.

உடைந்த நாக்கைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அடிப்பகுதியில் ஏற்கனவே ஒரு வெண்ணிறக் கீறல் ஓடியிருந்தது. அது உடைப்புக்கு முன்பே தொடங்கிய விரிசல். வெர்னியர் காலிபரால் நாணின் நடுப்பகுதியை அளந்தேன். நூல் சுற்றிய இடத்தில் 4.1 மில்லிமீட்டர் வந்தது. நாக்கின் பிளவு 3.2 மில்லிமீட்டர்தான். கனமான வில்லுக்கு நாணில் இழைகள் அதிகம், அதனால் நாண் தடிப்பாகவே இருக்கும். அந்தத் தடித்த நாணை மெல்லிய பிளவுக்குள் 'கிளிக்' என்று அழுத்திப் பொருத்தும் ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக்கின் இரண்டு காதுகளையும் விரித்துக் கொண்டிருந்தோம். நாணைவிட ஒரு மில்லிமீட்டர் குறுகிய அந்தப் பிளவு எட்டு முறை தாங்கியதே பெரிது.

வில் வந்ததும் தொங்கு தராசில் மாட்டி, அங்குலம் அங்குலமாக இழுத்துப் பார்த்தோம். 28 அங்குலத்தில் 100 பவுண்டு, 30-இல் 110, 32-இல் 120. மேல்பாதியில் அங்குலத்துக்கு ஐந்து பவுண்டு ஏறியது.

வில்லாளரின் இழுநீளம்தான் எதிர்பாராதது. தன் இழுநீளம் 31½ அங்குலம் என்று அவர் சொல்லியிருந்தார், 60 பவுண்டு வில்லில் அது உண்மைதான். கனமான வில்லில் அளக்க ஒரு நீளமான தண்டில் அங்குலக் கோடுகள் போட்டு, வில்லின் முகத்தை ஒட்டி அதில் ஒரு துணிக்கிளிப்பைச் செருகினேன். தண்டை இழுக்கும்போது கிளிப் வில்லில் முட்டி அங்கேயே நின்றுவிடும், தண்டு மட்டும் பின்னால் நகரும். மெதுவாக இழுத்து, எய்யாமல் மெதுவாக இறக்கிய பிறகு கிளிப் இருக்கும் இடம்தான் இழுநீளம். முதல் இழுப்பில் 29½ அங்குலம். ஆறாவது இழுப்பில் 29. தோள் தளரத் தளர இழுப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. தான் முழுவதும் இழுத்துவிட்டதாகவே ஒவ்வொரு முறையும் அவர் உணர்ந்தார்.

ஆக, வில்லில் எழுதியிருந்த 120 பவுண்டு அவர் விரல்களுக்கு ஒருபோதும் வந்து சேரவில்லை. வந்தது 107-தான். அம்பை 120-க்குத் தேர்ந்திருந்தால் அது இந்தக் கைக்குப் பொருந்தியிருக்காது. 32 அங்குல நீளத்திலும் இரண்டு அங்குலத்துக்கு மேல் வில்லுக்கு முன்னால் வீணாக நீட்டிக்கொண்டிருந்தது. நீளம் கூடினால் தண்டு இன்னும் வளையும். ஏற்கனவே விறைப்புக் குறைந்த அம்பை அது மேலும் தளர்வாக்கியது.

எந்தத் தண்டு

வில்லாளரின் முதல் எண்ணம் கார்பன் தண்டு. மிக விறைப்பான வகையில் இரண்டு வாங்கியும் வந்துவிட்டார். நான் மறுத்ததற்கு மரபுப் பற்று காரணமில்லை. 31 அங்குலத்துக்கு வெட்டினால் அந்தத் தண்டின் எடை 21 கிராம் அளவில் நிற்கும். பவுண்டுக்கு 9 கிரெய்ன் என்று நடுவில் வைத்தால் எங்களுக்கு வேண்டியது 62 கிராம். இடைவெளியை முனையிலேயே நிரப்பினால் 35 கிராமுக்கு மேல் முன்னால் ஏற்ற வேண்டும். முன்முனை கனத்தால் பறக்கும்போது தண்டு அதிகம் வளையும், வாங்கிய விறைப்பு அங்கேயே கரைந்துபோகும். உள்ளே எடைக்குழாய் செருகி, வெளியே உறை போட்டு இதைச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள், அதுவும் சரியான வழிதான். ஆனால் அதிலும் வால்முனையில் பிளாஸ்டிக் நாக்தான் வரும். எங்களுக்கு உடைந்தது அதுதான். விரிசல் விட்ட கார்பன் வெளியே தெரியாமல் காத்திருந்து கூர்கூராகச் சிதறும் என்பதும் மனத்தில் இருந்தது.

மரத்தில் மூன்று வகை செய்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். தண்டின் விறைப்பை, அதாவது ஸ்பைனை, 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு அளப்பார்கள். எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதைக்கொண்டு 26-ஐ வகுத்தால் வருவது பவுண்டில் விறைப்பு. கால் அங்குலம் தொய்ந்தால் 104 பவுண்டு.

முதலாவது, 3/8 அங்குல பிர்ச். விறைப்பு 70 பவுண்டு, முடித்த அம்பின் எடை ஏறத்தாழ 800 கிரெய்ன். இரண்டாவது, 7/16 அங்குல பிர்ச். பின்பாதியில் 15 அங்குலத்துக்கு இழைத்து வால்முனையில் 3/8 அங்குலமாக மெலிய வைத்தது. விறைப்பு 110, எடை 1,005 கிரெய்ன், அதாவது 65 கிராம். மூன்றாவது, அரை அங்குல ஆஸ்பென். அதே மாதிரி பின்னால் மெலித்தது. விறைப்பு 118, எடை 865 கிரெய்ன். மூன்றுக்கும் நீளம் 31 அங்குலம், முனை 15 கிராம்.

இங்கே தடிமன் செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். உருண்டைத் தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது, எடையோ இரண்டாம் அடுக்கில்தான். 3/8 அங்குலத்திலிருந்து அரை அங்குலத்துக்குப் போனால் அதே மரத்தில் எடை 1.8 மடங்கும் விறைப்பு 3.2 மடங்கும் ஆகும். அதனால் கனமான வில் என்றதும் தடித்த தண்டை எடுத்துவிடுவது எளிதான பிழை. பிர்ச்சில் அரை அங்குலம் போட்டிருந்தால் எங்களுக்கு 200 பவுண்டைத் தாண்டிய விறைப்பு வந்திருக்கும். அது வில்லின் கைப்பிடியைச் சுற்றி வளையவே மறுத்திருக்கும். அம்பு போக நடுவில் வெட்டு இல்லாத இதுபோன்ற வில்லில் அம்பு நேராகப் போவதே அது புறப்படும்போது கைப்பிடியைச் சுற்றிப் பாம்புபோல நெளிவதால்தான். நெளிய மறுக்கும் அம்பும் குறி தவறும், அளவுக்கு மீறி நெளியும் அம்பும் குறி தவறும்.

மரத்தைப் பொறுக்குவதில் நேரம் அதிகம் போனது, போகவேண்டியதும் அங்கேதான். ஒவ்வொரு தண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி இழைக்கோடு எங்கே ஓடுகிறது என்று பார்த்தேன். கோடு தண்டின் நீளத்தோடு முனை வரைக்கும் ஓட வேண்டும். நடுவிலேயே பக்கவாட்டில் இறங்கி வெளியேறினால் அந்த இடத்தில் அம்பு சரிவாகப் பிளக்கும். பிளந்த பின்பாதி நாண் தள்ளத் தள்ள வில் பிடித்த கைக்குள் போகும். 24 பிர்ச் தண்டுகளில் 9 இந்தச் சோதனையிலேயே வெளியேறின. மிஞ்சியவற்றைத் தடித்த துணியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, எல்லாப் பக்கமும் கையால் வளைத்துப் பார்த்தேன். ஒன்று முறிந்தது. அது என் கையில் முறிந்ததில் எனக்கு நிம்மதிதான்.

நாக்

மூன்று வகைக்கும் மரத்திலேயே நாக் வெட்டி, கொம்புத் தகடு செருகுவது என்று முதலிலேயே தீர்மானித்திருந்தோம். வால்முனையில் ரம்பத்தால் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறல் போட்டு, அதில் மெல்லிய கொம்புத் தகட்டை ஒட்டி, காய்ந்தபின் அதற்குக் குறுக்கே நாண்பிளவை வெட்ட வேண்டும். நாண் மரத்தின் மேல் உட்காராமல் கொம்பின் மேல் உட்காரும், தள்ளும் விசை மரத்தைப் பிளக்காது. நாண்பிளவு மரத்தின் ஆண்டு வளையங்களுக்குக் குறுக்கே வர வேண்டும். வளையத்தோடு ஒத்து வெட்டினால் நாணே ஆப்பாக மாறிவிடும்.

முதல் நான்கில் இரண்டு தகடுகள் ஒரு வாரத்தில் அசைந்தன. கொம்பில் இயற்கையாகவே ஓர் எண்ணெய்ப்பசை உண்டு. நான் உப்புத்தாளால் தேய்த்ததோடு விட்டிருந்தேன், அசிட்டோனால் துடைக்கவில்லை. இரண்டாம் முறை தேய்த்து, துடைத்து, விரல் படாமல் ஒட்டினேன். அதன்பின் ஒன்றுகூட அசையவில்லை. வால்முனையைச் சுற்றிப் பட்டுநூல் கட்டி அதன் மேல் மெருகும் பூசினேன்.

பிளவின் அகலத்தை 4.3 மில்லிமீட்டராக வைத்தேன். நாணில் மாட்டித் தொங்கவிட்டால் தன் எடையில் மெதுவாகச் சறுக்க வேண்டும், இறுகிப் பிடிக்கக்கூடாது.

இறகுகள் மூன்று, ஏழு அங்குல நீளம், தாழ்வாக நறுக்கியவை. அம்பு கையின் மேலேயே ஓடுவதால் இறகுத்தண்டின் முன்நுனி விரல்முட்டியைக் கிழித்துவிடும். அந்த நுனியைக் கத்தியால் காகிதம்போல மெலித்து, நூல் சுற்றி, பசையால் மூடினேன். விரலைப் பின்னிருந்து முன்னாகவும் முன்னிருந்து பின்னாகவும் ஓட்டிப் பார்த்தால் மேடு தட்டக்கூடாது. இதைச் சாதாரண வில்லில் அலட்சியம் செய்தால் கீறலோடு போகும். இந்த வில்லில் சதையே போகும்.

எய்து பார்த்தது

அடுக்கடுக்காக அழுத்திய தடித்த இலக்கின் முன் முதலில் ஆறு அடி தூரத்தில் நின்று எய்தார். குறி பார்ப்பதற்காக அல்ல. அம்பும் நாக்கும் முழு விசையைத் தாங்குகின்றனவா என்று மட்டும் பார்ப்பதற்காக. ஒவ்வொரு அம்பையும் எடுத்து, வால்முனையைப் பார்த்து, லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேட்டோம். அதன் பிறகே 15 மீட்டருக்குப் போனோம். இறகில்லாத அம்பை எய்து விறைப்பைச் சோதிப்பதுதான் வழக்கம். இந்த விசையில் கோணலாகப் போய் இலக்கில் தைத்தால் மரத்தண்டு முறிந்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்தோம். பதிலாக, வில்லின் இடப்பக்கத்தில் முகப்பவுடர் பூசி, அம்பு எங்கே உரசுகிறது என்று பார்த்தோம். இலக்கில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு எது எந்தப் பக்கம் விழுகிறது என்று குறித்தோம். இடக்கையில் வில் பிடித்து விரல்களால் இழுப்பவருக்கு விறைப்புக் குறைந்த அம்பு வலப்பக்கமும் விறைத்த அம்பு இடப்பக்கமும் ஒதுங்கும். வலக்கைக் கட்டைவிரலால் இழுத்து, அம்பை வில்லின் வலப்புறம் வைப்பவர்களுக்கு இது தலைகீழ். அதை மறந்து பிறர் குறிப்பைப் படித்து ஏமாறுவோர் உண்டு.

3/8 பிர்ச் கோட்டுக்கு வலப்பக்கம் ஒரு முழத்தை நெருங்கி விழுந்தது, வாலாட்டம் இலக்கு வரைக்கும் அடங்கவில்லை. ஆஸ்பென் இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஒவ்வொரு முறையும் கைப்பிடியில் 'டக்' என்று தட்டியது, பவுடரில் தெளிவான கோடு விழுந்தது. 7/16 பிர்ச் கோட்டுக்கு இடப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்குள் சேர்ந்து விழுந்தது. பவுடரில் இறகு தடவிய மங்கலான தடம் மட்டுமே இருந்தது.

பிர்ச்சுக்கும் ஆஸ்பெனுக்கும் விறைப்பில் வேறுபாடு எட்டே பவுண்டு. அதுமட்டும் இவ்வளவு விலக்கத்துக்குக் காரணமாக இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. அரை அங்குலத் தண்டின் மையம் வில்லிலிருந்து இன்னும் தள்ளி நிற்கிறது, புறப்படும் கோணமே கூடுதலாக இடப்பக்கம் சாய்கிறது. ஆஸ்பெனின் பின்பகுதியை மேலும் இழைத்துப் பார்த்தோம். தட்டுவது குறைந்தது, ஆனால் எடையும் 835-க்கு இறங்கி வால்முனை எனக்குப் பிடிக்காத அளவுக்கு மெலிந்தது. அங்கேயே கைவிட்டோம்.

வேகமானியில் 800 கிரெய்ன் அம்பு நொடிக்கு 55.5 மீட்டரும், 1,005 கிரெய்ன் அம்பு 52.4 மீட்டரும் காட்டின. வேகத்தில் மூன்று மீட்டர் இழப்பு. வில்லாளர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இலேசான அம்பு சுமந்து போனது 80 ஜூல், கனத்த அம்பு சுமந்தது 89 ஜூல். வில் ஒன்றே, இழுப்பும் ஒன்றே. இலேசான அம்பு எடுத்துப்போகாத அந்த 9 ஜூல் வில்லின் கைகளிலும் அவருடைய முழங்கையிலும் தங்கியது. முதல் நாள் கேட்ட அறையும் அதிர்வும் எங்கிருந்து வந்தன என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கனத்த அம்பில் வில் எழுப்பிய சத்தம் தாழ்ந்த 'தும்'. கண்ணை மூடிக்கொண்டே எந்த அம்பு போனது என்று எங்களால் சொல்ல முடிந்தது.

7/16 பிர்ச்சில் 12 அம்புகள் செய்தோம். எடை வேறுபாடு ஒரு கிராமுக்குள், விறைப்பு வேறுபாடு 5 பவுண்டுக்குள். முன்கனம், அதாவது தண்டின் நடுவிலிருந்து நிறைமையம் முன்னால் தள்ளியிருக்கும் அளவு, ஏறத்தாழ 11 விழுக்காடு வந்தது. நாங்கள் குறி வைத்து அடைந்ததில்லை, தானாக அமைந்தது.

அடுத்து வந்த நான்கு மாதங்கள்

அம்புகள் தாங்கின. இரண்டு இலக்கின் மரச்சட்டத்தில் பட்டு முறிந்தன. ஒன்றில் முனைக்குப் பின்னால் இரண்டு விரல் தள்ளி மெல்லிய சுருக்கக்கோடு தெரிந்ததால் நானே முறித்துப் போட்டேன். நாக் ஒன்றுகூடப் போகவில்லை.

தாங்காதது தோள். துணிக்கிளிப் காட்டிய 29 அங்குலத்தை நாங்கள் அம்பின் நீளத்தைத் தீர்மானிக்கும் எண்ணாக மட்டுமே எடுத்துக்கொண்டோம். உண்மையில் அது வில் அவருக்கு மிஞ்சியது என்று சொன்ன எண். இரண்டாம் மாதத்தில் வலத் தோளில் வலி தொடங்கியது. அவர் சில வாரம் மறைத்தார், பிறகு சொன்னார். மருத்துவரைப் பார்த்து, ஆறு வாரம் ஓய்வெடுத்தார். இப்போது 90 பவுண்டு வில்லில் எய்கிறார். அதில் அவருடைய இழுப்பு 31 அங்குலத்தைத் தொடுகிறது, பத்தாவது அம்பிலும் சுருங்குவதில்லை.

மாற்றிச் செய்யவேண்டியவை

புது வில் களத்துக்கு வந்தால் முதல் அம்புக்கு முன் மூன்று அளவுகள் எடுக்கிறேன்: அந்த ஆளின் இழுநீளத்தில் வில்லின் விசை, அம்பின் எடை, நாணின் தடிமன். தராசு, துணிக்கிளிப், காலிபர் இருந்தால் கால்மணி நேர வேலை. பவுண்டுக்கு 8 கிரெய்னுக்குக் கீழே உள்ள அம்பை இந்த எடை வில்லில் யாரும் எய்ய விடுவதில்லை. 80 பவுண்டுக்கு மேல் பிளாஸ்டிக் நாக் வேண்டாம் என்பதும் எங்கள் குழுவின் விதியாகிவிட்டது. இது எங்கள் அச்சத்திலிருந்து வந்த எல்லை, மற்றவர்கள் வேறு இடத்தில் கோடு போடலாம்.

இழுநீளத்தை இலேசான வில்லில் ஒரு முறையும் கனமான வில்லில் பல முறையும் அளந்து, இரண்டையும் ஒப்பிடுகிறேன். ஓர் அங்குலத்துக்கு மேல் சுருங்கினால் அம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் வில்லைப் பற்றிப் பேசுகிறோம். அன்றைக்கு இந்தப் பேச்சை நடத்தியிருந்தால் ஆறு வார ஓய்வு தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

விறைப்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த வில்லுக்கு 107 பவுண்டு விசைக்கு 110 பவுண்டு விறைப்பு பொருந்தியது தற்செயல். கைப்பிடி இன்னும் அகலமாக இருந்திருந்தால் விறைப்புக் குறைந்த தண்டு வேண்டியிருக்கும், முனை கனமாக இருந்திருந்தால் விறைத்தது வேண்டியிருக்கும். இந்த எண்ணை எடுத்து வேறு வில்லுக்குப் பொருத்தவேண்டாம். இரண்டு மூன்று விறைப்புகளில் ஒவ்வோர் அம்பு செய்து, எய்து பார்த்த பிறகே பன்னிரண்டு செய்ய வேண்டும்.

மிஞ்சிய ஒன்பது பிர்ச் அம்புகளும் 90 பவுண்டு வில்லில் பவுண்டுக்கு 11 கிரெய்ன் வருகின்றன. எடையில் பாதுகாப்பானவை, ஆனால் விறைப்பு மிஞ்சிக் கைப்பிடியில் தட்டுகின்றன. அவற்றைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறோம். புதிய வில்லுக்கு 13/32 அங்குலத்தில் மூன்று தண்டுகளை இழைத்து வைத்திருக்கிறேன். வரும் வாரம் எய்து பார்க்கப் போகிறோம்.